மேகத்தில் ஏறிய கண்டக்டர்

அழுதுகொண்டே போட்டோவை நீட்டுகிறவர்களிடம் மரியசெல்வி எதுவும் கேட்பதில்லை. பெயர் மட்டும் கேட்பாள், அதுவும் கீழே எழுத்துப் போட வேண்டுமே என்பதற்காக. எப்போது போனார், என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி என்று தோண்டித் துருவுவது அவளுக்கு ஆகாது. துக்கத்தோடு வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, போட்டோவை இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொள்வாள். இந்த நல்ல குணம்தான் கடைசியில் ஒரு மனுஷனைச் சாகடித்தது.

செல்வி வீடியோஸ் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாதா கோயில் திருவிழா எதுவானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது புருஷன் வின்சென்ட். அவன் எடுத்து வந்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து ஆளாக்குவது மரியசெல்வி. போன வருஷம் வல்லத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் சித்தப்பா மூக்குமுட்டக் குடித்துவிட்டு மேடையிலேயே சரிந்துவிட்டார். மரியசெல்வி அவர் விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, நிமிர்ந்து நின்ற மூன்று விநாடியை மூன்று இடத்தில் வைத்தாள். அந்தச் சித்தப்பா இன்றைக்கும் செஞ்சிக்கு வந்தால் ஒரு பூசணிக்காயோடுதான் மாடி ஏறுவார்.

அவர் மட்டுமா? மல்லாட்டைக் கடலை மூட்டை, முருங்கைக் கட்டு, ஒருமுறை கால் கட்டிய சேவல். எடிட்டிங் மேஜைக்குக் கீழே கால் நீட்ட இடம் இருக்காது.

"இன்னாமே இது, ஸ்டுடியோவா, சந்தையா?" என்பான் வின்சென்ட். "டிரைபாட எடுத்தா முருங்கக்கா உழுது."

"ஆசையா குடுக்கறத வேணான்னு சொல்ல முடியுமா?"

"நீ கேக்காமயே எல்லாருக்கும் செய்யற. அதான் அவங்களும் கேக்காமயே கொண்டாராங்க. ஒருநாள் இது எங்கயாச்சும் இடிக்கும் பாரு."

இடித்தது மேகத்தில்.

மேகம் இல்லாமல் இந்தப் பக்கத்தில் கல்யாண வீடியோ முடியாது. தாலி கட்டுகிற நேரத்தில் திரையின் மேல்பாதியில் மேகம் விலகும். செத்துப்போன அப்பாவோ ஆயாவோ அதற்குள் மார்பளவு தெரிவார்கள். அவர்களிடமிருந்து மணமக்கள் தலையில் பூவாகக் கொட்டும். பார்க்கிறவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். மற்ற கடைகளில் இது பத்து விநாடி. மரியசெல்வி இருபது விநாடி வைப்பாள், அதற்கென்று தனியாக எதுவும் கேட்கமாட்டாள்.

வைகாசியில் சிங்கவரம் பவுனம்மாளின் மகள் மோனிகாவுக்குக் கல்யாணம். முடிந்த நாலாம் நாள் பவுனம்மாள் தனியாக மாடி ஏறி வந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி ஒரு போட்டோ. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், காக்கிச் சட்டையில், முறுக்கிய மீசையோடு.

"எங்கண்ணன் பாப்பா. ஆதிமூலம். எம்பொண்ணுக்குப் பட்டம் கட்டவேண்டிய கை..." அதற்குமேல் வரவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

தாய்மாமன்தான் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அது முறை. மோனிகாவுக்கு யாரும் கட்டவில்லை என்பதை மரியசெல்வி வீடியோவிலேயே பார்த்திருந்தாள்.

"வீடியோலயாவது அவுரு இருக்கட்டும் பாப்பா. அது இன்னான்னா, அவுரு வந்து..."

"வேணாங்க்கா. சொல்லவே வேணாம். எனக்குப் புரியுது."

"இல்ல பாப்பா, நான் இன்னா சொல்றேன்னா..."

"மனசப் போட்டு வருத்திக்காதீங்க. தண்ணி குடிங்க. நான் பாத்துக்கறேன்."

சொல்ல வந்தவள் வாயைத் தண்ணீர் டம்ளரால் அடைத்து அனுப்பினாள் மரியசெல்வி. பிறகு இரண்டு நாள் அந்தப் போட்டோவோடு உட்கார்ந்தாள். கன்னத்து மருவை எடுத்தாள். மீசைக்கு மெருகு ஏற்றினாள். காக்கியைக் கழற்றிப் பட்டுச் சட்டை போட்டாள். தலைக்குப் பின்னால் ஒளி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நாற்பத்தைந்து விநாடி பூ. எத்தனையோ பேரை மேலே ஏற்றியிருக்கிறாள். இவ்வளவு அழகாக எவரையும் ஏற்றியதில்லை.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, காற்றுதான். ஜன்னலைத் திறந்தால், பின்னணி மாற்றிப் போடுவதற்காகப் பின்னறையில் கட்டியிருக்கும் பச்சைத் துணி பாய்மரம் மாதிரி உப்பும். புதுப்பெண்கள் தாய்வீட்டுக்கு வந்து உட்காரும் மாசம். மோனிகாவும் சிங்கவரம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டாருக்கு விருந்து என்று கேள்விப்பட்டு, மரியசெல்வி அவசரமாக வீடியோவை முடித்துக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கப் போனால் பவுனம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை.

"வா பாப்பா. எங்கண்ணன சாவடிச்சிட்டியே, நல்லாருக்கியா?"

மரியசெல்விக்குப் பூட்டில் சாவி நுழையவில்லை.

"இன்னாக்கா சொல்றீங்க?"

"உசுரோட இருக்கறவரு பாப்பா! பனமலைல, அவுரு வூட்ல, மூணு வேள துன்னுக்கினு குத்துக்கல்லாட்டம் இருக்கறவரு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்ல, ஒம்போது வருசமா. கல்யாணத்துக்கு வரல. அதுக்குத்தான் அன்னிக்கி அழுதேன். அதச் சொல்ல வந்தா நீ தண்ணிய குடுத்து அனுப்பிட்ட!"

"ஐயோ மாதாவே."

"நேத்து டிவில போட்டிருக்காங்க. நான் அடுப்பாண்ட வடை சுட்டுக்கினு இருக்கேன். கூடத்துல ஒரே அழுக. இன்னாடான்னு ஓடியாந்தா சம்பந்தியம்மா என்னக் கட்டிப் புடிச்சிக்கினு, 'ஒங்கண்ணன் சாவ எங்களுக்குக்கூட சொல்லலியே'ன்றாங்க. மாப்ள அதுக்குள்ளாற அந்த மேகத்த போன்ல ஸ்டேட்டஸ் வெச்சிட்டாரு. எங்கண்ணன் யாரு தெரியுமா? விழுப்புரம் திருவண்ணாமல ரூட்ல முப்பது வருசம் கண்டக்டரு. அவுர தெரியாத ஸ்டாப்பிங் கெடையாது. காலைக்குள்ள ரூட்டு பூராவும் பரவிப்போச்சு!"

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போன வாரம்தான் ஆதிமூலம் தன் மனைவி அன்புக்கரசி மூலமாகத் தங்கைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார், வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றலுக்கு வருவதாக. ஒன்பது வருஷத்தில் வந்த முதல் வார்த்தை அது.

"வெள்ளிக்கெழம வரேன்னவர ஞாயித்துக்கெழமையே பொதச்சிட்ட. இனிமே அவுரு எம்மூஞ்சில முழிப்பாரா? நான் வேணும்னே சாவு சொன்னேன்னுதான நெனப்பாரு?" பவுனம்மாள் பெரிதாக அழத் தொடங்கினாள்.

மரியசெல்விக்கும் அழுகை வந்தது. சின்னப் பிழை என்றால் திருத்தலாம். அண்ணன் தங்கையைப் பிரித்த பாவத்தை எந்த பட்டனை அமுக்கித் திருத்துவது? வின்சென்ட் வந்து விஷயம் கேட்டு, தலையில் கை வைத்து, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தவன், மனைவியின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

அப்போது கீழே உரக்கடையில் ஒரு வெண்கலக் குரல் கேட்டது.

"ஏம்பா, மேகத்துல ஆள ஏத்தற கடை எது?"

பவுனம்மாளுக்கு அந்தக் குரல் போதும். "எங்கண்ணன்!" என்றவள் எங்கே போவதென்று தெரியாமல் பின்னறைக்குள் ஓடிப் பச்சைத் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வின்சென்ட் கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். ஏன் மாட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

ஆதிமூலம் ஏறி வந்தார். போட்டோவில் இருந்த அதே மீசை. கையில் ஒரு மஞ்சள் பை. மூச்சு வாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பெரிய ரோஜா மாலையை எடுத்து எடிட்டிங் மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு வந்தது. டெப்போ பசங்க காலைல எட்டு பேரு வேன் புடிச்சி எடுத்தாந்தானுங்க. நான் கஞ்சி குடிச்சிக்கினு இருக்கேன். வாசல்ல வந்து ஒருத்தன் என்னையே கேக்கறான், 'பாடி எங்க வெச்சிருக்காங்க'ன்னு. உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் மாலைய திருப்பி எடுத்துக்கினு போலாமான்னு பாத்தானுங்க. நான் குடுக்கல."

"அண்ணே, தப்பு எம்மேலதான்" என்றாள் மரியசெல்வி. "ஒங்க தங்கச்சி ஒண்ணும் சொல்லல. நானாத்தான் நெனச்சிக்கினு ஏத்திட்டேன்."

"எம் மச்சினிச்சி போன்ல ஒப்பாரி. எம்பொண்டாட்டி போன எங்கைல குடுக்கறா. நான் அலோன்னேன். அந்தாண்ட தொப்புனு சத்தம். மயக்கம் போட்டுட்டா." சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "போடு. சின்ன போன்ல ஒண்ணும் தெரியல. பெருசுல போடு பாக்கலாம்."

மரியசெல்வி அந்த இடத்தைத் தேடிப் போட்டாள். கெட்டிமேளம். மேகம் விலகியது. பட்டுச் சட்டையில் ஆதிமூலம் ஒளிவீசினார். பூ கொட்டியது. ஆதிமூலம் இமைக்காமல் ஆதிமூலத்தைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி."

போட்டாள்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது முறை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொகம் தெரியுது" என்றார்.

"அண்ணே?"

"மொகம் நல்லா தெரியுதுன்னேன். ஒம்போது வருசம் முன்ன மோனிகா மஞ்ச நீராட்டுக்குப் பதினோரு தட்டு சீர் எடுத்துக்கினு போனேன். மேளம் வெச்சி, வெடி வெச்சி. அப்ப வேற எவனோ வீடியோக்காரன். போட்டுப் பாத்தா எம்மொகம் ஒரு எடத்துல இல்ல. முதுவு. எம்முதுவு மட்டும். மொகம் வர எடத்துலலாம் எம் மச்சானோட தம்பி தங்கராஜ் தல. குறுக்க நின்னுக்கினு பல்ல காட்டறான். எந்தங்கச்சிகிட்ட கேட்டதுக்கு, 'வீடியோக்காரன் எடுத்ததுக்கு நான் இன்னாண்ணே பண்ணட்டும்'னு சிரிச்சா. சிரிச்சாம்மா! அன்னிக்கி நிறுத்துனதுதான்."

எவனோ ஒருவன் இரண்டு அடி தள்ளி நின்று எடுத்திருந்தால் ஒன்பது வருஷம் வீணாகியிருக்காது என்று மரியசெல்விக்குத் தோன்றியது. தொழில் தெரிந்தவளுக்கு அது பொறுக்கவில்லை.

ஆதிமூலம் மேஜையில் கிடந்த போட்டோவை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரல் சட்டென்று இறங்கியது.

"இது நான் ரிடைர் ஆன அன்னிக்கி டெப்போல எடுத்தது. மூணு வருசமாவுது. அவளுக்கு நான் சொல்லியும் அனுப்பல, அவ வரவும் இல்ல. இது எப்பிடி அவகிட்ட வந்துது?"

பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அவுருகூட பஸ் ஓட்டுன டிரைவர் சம்சாரத்தாண்ட கேட்டு வாங்கி பிரிண்ட் போட்டதுன்னு சொல்லு பாப்பா. மூணு வருசமா பட்டுப்பொடவ மடிப்புல வெச்சிருக்கேன்னு சொல்லு."

ஆதிமூலம் நிமிர்ந்தார். "உள்ள யாரு?"

"யாரும் இல்லண்ணே" என்றாள் மரியசெல்வி. அதே நேரம் ஆடிக் காற்று ஜன்னல் வழியாகப் புகுந்து துணியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் காட்டியது. வெள்ளிக் கொலுசும் பித்த வெடிப்புமாக இரண்டு கால்கள். ஆதிமூலம் அந்தக் கால்களையே பார்த்தார்.

"அவள கேளும்மா. போட்டோ குடுக்கறப்ப அழுதாளா?"

"அழுதாங்கண்ணே."

"எம்மா நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்ணே" என்று தாராளமாகக் கூட்டிச் சொன்னாள் மரியசெல்வி.

"பட்டம் யாரு கட்டுனாங்கன்னு கேளு. தங்கராஜா?"

துணி விம்மியது. "யாரும் கட்டலன்னு சொல்லு பாப்பா. அவுருகூட நான் கட்டறேன்னு வந்தாரு. எங்கண்ணன் கை படாத பட்டம் எம்பொண்ணுக்கு வேணாம்னுட்டேன். தட்டுலயே கெடந்துது. வீடியோல இருந்தா காட்டச் சொல்லு."

இருந்தது. மணவறைப் பக்கத்தில் ஒரு தாம்பாளம், வெற்றிலைமேல் பட்டம், யாரும் எடுக்காமல். வின்சென்ட் அன்றைக்கு எதற்கென்று தெரியாமலே அதைப் பத்து விநாடி எடுத்து வைத்திருந்தான். அந்தப் பத்து விநாடியில் ஆதிமூலம் உடைந்துபோனார். முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்திய குரல் தேம்பித் தேம்பி அழுதது. மரியசெல்வி பழக்கத்தில் தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

"தண்ணிலாம் வேணாம்" என்று மூக்கைத் துடைத்தார். "என்ன எறக்கு."

"எறக்கிடறேண்ணே. இப்பவே அழிச்சிடறேன்."

"அழிக்கச் சொல்லல. எறக்கி, வெக்க வேண்டிய எடத்துல வை. எம்பொண்ணு பக்கத்துல."

மரியசெல்வி புருஷனைப் பார்த்தாள். வின்சென்ட் தோளில் மாட்டிய பைக்கு ஒருவழியாக வேலை வந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

முக்கால் மணியில் சிங்கவரத்திலிருந்து மோனிகா வந்தாள், கல்யாணப் புடவையோடு, கையில் அந்தப் பட்டத்தோடு. பின்னாலேயே தன் பைக்கில் வந்த மாப்பிள்ளை வளவன், உயிரோடு உட்கார்ந்திருந்த மாமனைக் கண்டதும் கடைசிப் படியில் நின்றுவிட்டான்.

"உள்ள வா. படிக்கட்டுல நிக்காத" என்றார் ஆதிமூலம். "ஸ்டேட்டஸ எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் மாமா. மன்னிச்சிடுங்க மாமா."

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"முந்நூத்திப் பன்னண்டு பேரு மாமா."

"பரவால்ல" என்றார் ஆதிமூலம், மீசையைத் தடவிக்கொண்டு.

பச்சைத் துணிக்கு முன்னால் மோனிகாவை நிற்க வைத்தார்கள். பின்னால் மண்டபத்தைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிடலாம் என்றான் வின்சென்ட். ஜன்னலைச் சாத்தினார்கள். புழுக்கம் தாங்கவில்லை. ஆதிமூலம் எங்கே நிற்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று மூன்று முறை ஒத்திகை பார்த்தார்.

"முதுவு வரக்கூடாது."

"வராதுண்ணே."

"குறுக்க யாரும் வரக்கூடாது."

"யார்ணே வரப்போறாங்க? தங்கராஜ் இங்க இல்ல" என்றாள் மரியசெல்வி.

கேமரா ஓடத் தொடங்கியது. மோனிகாவின் நெற்றியில் பட்டத்தை வைத்து, பின்னால் முடிச்சுப் போட வேண்டும். ஆதிமூலத்தின் கையிலிருந்து கயிறு ஒருமுறை நழுவியது, இன்னொரு முறையும் நழுவியது. மூன்றாம் முறை துணிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து, முடிச்சின் மேல் விரலை வைத்து அமுக்கியது.

"ரொம்ப இறுக்காதண்ணே. அவளுக்கு வலிக்கும்."

"எனக்குத் தெரியும். ஒனக்கு ஜடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புனதே நாந்தான்."

"நீ பின்னுன ஜடைக்கு அன்னிக்கெல்லாம் தலவலி."

"சும்மா நில்லுடி. வீடியோ ஓடுது."

மோனிகா சிரித்துக்கொண்டே அழுதாள். வளவன் திரும்பி நின்றுகொண்டான். மரியசெல்விக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. கூடவே உதடு தானாக ஓர் 'அருள்நிறை மரியே' ஜெபத்தைச் சொல்லி முடித்தது.

வெள்ளிக்கிழமை சிங்கவரத்தில் கூழ் ஊற்றினார்கள். ஆதிமூலமே அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி ஊற்றியதாகப் பவுனம்மாள் போனில் சொன்னாள். துக்கம் கேட்கக் கிளம்பிய பாதிப் பேர் அங்கேயே வந்து அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூழ் குடித்துவிட்டுப் போனார்களாம். தங்கராஜுக்கு மட்டும் அவர் அரைச் சொம்புதான் ஊற்றினாராம்.

அடுத்த புதன்கிழமை அண்ணனும் தங்கையும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அவர் தலையில் மல்லாட்டை மூட்டை, அவள் இடுப்பில் பலாப்பழம். வின்சென்ட் பெருமூச்சோடு டிரைபாடை நகர்த்தி இடம் செய்தான். புது வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். மண்டபத்தில், மணவறையில், எல்லோருக்கும் நடுவில் ஆதிமூலம் பட்டம் கட்டினார். ஒரு நிமிஷம் இருபது விநாடி. முழுக்க முகம். பவுனம்மாள் மரியசெல்வியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ தப்பு பண்ணாம இருந்திருந்தா எங்கண்ணன் ஒரு வாய் கூழ் குடிச்சிட்டு வாசலோட போயிருப்பாரு பாப்பா" என்றாள்.

கிளம்பும்போது தங்கையை முதலில் படியிறங்க விட்டார் ஆதிமூலம். அவள் கீழே போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்தார். பிறகு மேஜை அருகே வந்து குரலைத் தணித்தார். அவ்வளவு சன்னமாகவும் அவரால் பேச முடியும் என்பது மரியசெல்விக்கு அன்றுதான் தெரிந்தது.

"அந்த மேகம்... அழிச்சிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. இன்னிக்கி அழிச்சிடறேன்."

"அழிக்காத." வாசலை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "அப்பிடியே வை. எப்பிடியும் ஒருநாள் வேணும். அன்னிக்கி எம்பொண்டாட்டி கன்னாபின்னான்னு ஏதாவது ஒரு போட்டோவ எடுத்தாந்து குடுப்பா. நீ வாங்காத. இதுதான் அவுரு சொன்னதுன்னு சொல்லிடு. மொகம் இதுல நல்லா வந்திருக்குது."

மரியசெல்வி சரியென்று தலையாட்டினாள். அவர் திருப்தியோடு படியிறங்கினார். கீழே "இன்னா அங்க பேச்சு?" என்று பவுனம்மாள் அதட்டுவதும், "தொழில் சமாச்சாரம், ஒனக்கு இன்னாத்துக்கு?" என்று அவர் திருப்பிக் கொடுப்பதும் கேட்டது.

குரல்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்துவிட்டு, மரியசெல்வி மேகத்தைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்தினாள். என்ன பெயர் கொடுப்பது என்று கம்ப்யூட்டர் கேட்டது. 'ஆதிமூலம் அண்ணன், இப்போதைக்கு வேண்டாம்' என்று அடித்தாள்.